உங்களுக்குத் தெரியுமா? – அந்த 4 மணி நேரம்

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவரும் கால் பிசகி நொண்டிக்கொண்டு வருகிறவரும் ஒரே வாசல் வழியாகத்தான் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைகிறார்கள். அவர்கள் உள்ளே எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறார்கள் என்று யார் பார்ப்பது? இங்கிலாந்தில் அரசாங்கமே பார்க்கிறது. கணக்கெடுக்கிறது, மாதாமாதம் வெளியிடுகிறது, தவறினால் கேள்வி கேட்கிறது. கால் நூற்றாண்டாக நடந்துவரும் இந்தக் கண்காணிப்பைப் பற்றிச் சில செய்திகள் இங்கே.

● இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. நோயாளியிடம் காசு கேட்காத வைத்தியம் என்பதுதான் அதன் முதல் வாக்கு. ‘இத்தனை நேரத்துக்குள்’ என்கிற வாக்கு அப்போது கிடையாது. அதற்கு அடித்தளம் போட்டது 1991-இல் ஜான் மேஜர் அரசு கொண்டுவந்த ‘நோயாளிகள் சாசனம்’. அவசரப் பிரிவுக்கு வருகிறவரின் நிலைமையை உடனே பார்த்து மதிப்பிட வேண்டும் என்று அது சொன்னது.

● கடிகாரம் வந்தது 2000 ஜூலையில். பிரதமர் டோனி பிளேர், சுகாதார அமைச்சர் ஆலன் மில்பர்ன். அவர்கள் வெளியிட்ட என்.எச்.எஸ். திட்டத்தில், 2004 முடிவதற்குள் அவசரப் பிரிவில் எவரும் 4 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று எழுதினார்கள்.

● ‘4 மணி நேரத்துக்குள் டாக்டர் வந்து பார்த்துவிட வேண்டும்’ என்பதல்ல இந்த விதி. பலரும் அப்படித்தான் எண்ணிக்கொள்கிறார்கள். நோயாளி வந்து சேர்ந்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள், ஒன்று அவர் வார்டில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பரிசோதனை, ரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேன், சிறப்பு மருத்துவரின் கருத்து, காலியான படுக்கை எல்லாம் அந்த நேரத்துக்குள் அடக்கம். அதனால் இந்த ஒரு எண்ணைப் பார்த்தால் முழு மருத்துவமனையின் உடல்நிலையும் தெரிந்துவிடும். அவசரப் பிரிவை மட்டும் அளக்கிற எண் என்று இதைச் சொல்வது பாதி உண்மைதான்.

● முதலில் சொன்னது 100 சதவீதம். சிலரை அங்கேயே வைத்துக் கவனிப்பதுதான் அவர்களுக்கு நல்லது என்று மருத்துவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அதனால் 98 சதவீதமாக வைத்துக்கொண்டார்கள்.

● பலன் கிடைத்ததா? கிடைத்தது. 2002-இல் 100-க்கு 23 பேர் 4 மணி நேரத்துக்கு மேல் அவசரப் பிரிவில் இருந்தார்கள். 2004 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் அது 5.3 ஆகக் குறைந்தது. இதை எழுதிவைத்தது சுகாதாரத் துறை அல்ல, அரசின் கணக்குகளைச் சரிபார்க்கும் தேசியத் தணிக்கை அலுவலகம். இரண்டே ஆண்டுகளில் இவ்வளவு மாற்றம் என்பது எந்த நாட்டின் பொது மருத்துவத்திலும் அரிது.

● அது எப்படி முடிந்தது? பிளேர் 2001-இல் தன் அலுவலகத்திலேயே ஒரு தனிக் குழுவை அமைத்தார். மைக்கேல் பார்பர் அதன் தலைவர். சொன்னது நடக்கிறதா என்று எண்களை வைத்துப் பார்ப்பதுதான் அந்தக் குழுவின் வேலை. அவசரப் பிரிவுக் காத்திருப்பு அதன் முக்கிய இலக்குகளில் ஒன்று. பிரதமரே உட்கார்ந்து அந்த எண்களைப் பார்ப்பார். மருத்துவமனைகளுக்குள்ளும் வேலை முறை மாறியது. சின்னக் காயத்தோடு வருகிறவரை வரிசையில் உட்காரவைக்காமல், முதலில் பார்க்கும் அனுபவசாலியான மருத்துவரோ நர்ஸோ அங்கேயே வைத்தியமும் பார்த்து அனுப்பிவிடும் வழக்கம் பரவியது. பணமும் வந்தது, ஆளும் வந்தார்கள். இந்தக் கடைசி வரியைப் பின்னால் வந்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

● 2001 முதல் 2005 வரை ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அரசு நட்சத்திரம் கொடுத்தது. மிக நன்றாக நடந்தால் 3 நட்சத்திரம், மிக மோசமென்றால் ஒன்றும் இல்லை. காத்திருப்பு நேரம் அதில் பெரிய பங்கு வகித்தது. நட்சத்திரம் இல்லாத மருத்துவமனையின் தலைமை நிர்வாகிக்கு நாற்காலி நிச்சயமில்லை.

● நாற்காலி ஆடினால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? 2003 மார்ச் மாதக் கடைசி வாரத்தை அளவெடுக்கும் வாரமாக முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அந்த வாரத்துக்கு மட்டும் பல மருத்துவமனைகள் கூடுதல் ஆட்களைக் கூலிக்கு அமர்த்தின, இருக்கிறவர்களை இரட்டை ஷிஃப்ட் பார்க்கச் சொல்லின, சில இடங்களில் தேதி குறித்திருந்த ஆபரேஷன்களைத் தள்ளிவைத்துப் படுக்கைகளைக் காலியாக வைத்தன. மறுவாரம் பழைய நிலைமை திரும்பியது. சோதனைத் தேதியை முன்னாலேயே சொல்லிவிட்டு நடத்தும் சோதனையால் யாருக்கும் பயன் இல்லை.

● இன்னொரு தந்திரமும் இருந்தது. ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றுவிட்டது. ஆனால் நோயாளியை உள்ளே எடுத்தால் கடிகாரம் ஓடத் தொடங்கும். எனவே அவரை வண்டிக்குள்ளேயே காத்திருக்கவைத்த மருத்துவமனைகள் இருந்தன. லண்டன் பொருளியல் கல்லூரியின் க்வின் பெவன், ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோபர் ஹூட் இருவரும் 2006-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதையும் பதிவு செய்தார்கள். வாசலில் நிற்கும் ஒவ்வொரு வண்டியும், எங்கோ ஒரு வீட்டில் மாரடைப்போடு கிடப்பவருக்குப் போக வேண்டிய வண்டி. இந்தத் தந்திரத்தை அடைக்க ஒரு விதி உண்டு. நோயாளியை ஒப்படைத்த நேரம், ஆம்புலன்ஸ் வந்து 15 நிமிடம் ஆன நேரம், இவற்றில் எது முன்னதோ அப்போதே கடிகாரம் தொடங்கிவிடும்.

● நோயாளிகள் அவசரப் பிரிவை விட்டு வெளியேறும் நேரத்தை வரைபடமாக்கினால் ஒரு விசித்திரம் தெரியும். மெல்ல ஏறி இறங்கும் கோடு, 4 மணி நேரம் நெருங்கும்போது செங்குத்தாக எழுந்து, கடந்ததும் விழுந்துவிடும். கடைசிச் சில நிமிடங்களில் எத்தனையோ பேருக்கு அவசர அவசரமாக முடிவு எடுக்கிறார்கள் என்று அர்த்தம். இதைக் காட்டி, ‘எல்லாம் எண்ணுக்காக ஆடும் ஆட்டம், நோயாளிக்கு ஒரு நன்மையும் இல்லை’ என்று பல ஆண்டுகள் பலர் சொன்னார்கள். நானும் இது நியாயமான சந்தேகம் என்றே நினைக்கிறேன். ஆனால் அடுத்த செய்தியைப் பாருங்கள்.

● அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜோனதன் க்ரூபரும், அவரோடு தாமஸ் ஹோ, ஜார்ஜ் ஸ்டாய் ஆகிய பொருளியலாளர்களும் அந்தச் செங்குத்துக் கோட்டையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். இலக்கு இல்லாவிட்டால் 4 மணி நேரத்துக்கு அப்பால் போயிருக்கக்கூடிய நோயாளிகள், இலக்கால் முன்னால் தள்ளப்பட்டபோது அவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தார்கள். காத்திருப்பு சுமார் 20 நிமிடம் குறைந்தது. கூடுதலான பேர் வார்டில் சேர்க்கப்பட்டார்கள், செலவும் கூடியது. அதோடு, 30 நாட்களுக்குள் இறப்பவர்களின் விகிதம் அந்த நோயாளிகளிடையே 14 சதவீதம் குறைந்தது. உயிர் காத்தது கூடுதல் பரிசோதனையோ அட்மிஷனோ அல்ல, காத்திருப்பு குறைந்ததுதான் என்று 2018-இல் எழுதினார்கள். வெறும் ஆட்டம் என்று சொல்லப்பட்ட இலக்கு ஆட்களைக் காப்பாற்றியிருக்கிறது. இந்த ஆய்வு, இலக்கைக் கைவிடச் சொன்னவர்களுக்கு ஒரு வலுவான பதில்.

● இனி இதே இலக்கின் இன்னொரு முகம். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் நகர மருத்துவமனையில் இறப்பு விகிதம் வழக்கத்தை விட அதிகமாக இருக்கிறது என்று எண்கள் காட்டியதால், சுகாதார ஆணையம் உள்ளே போய் விசாரித்து 2009 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. அவசரப் பிரிவுக்கு வந்த நோயாளிகளின் நிலைமையை முதலில் எடைபோட்டவர்கள் மருத்துவப் பயிற்சியே இல்லாத வரவேற்புப் பணியாளர்கள். நர்ஸ்கள் போதவில்லை, மருத்துவர்கள் போதவில்லை. 4 மணி நேரத்தைத் தாண்டிவிடுவார் என்று தெரிந்தால், மோசமான நிலையில் இருக்கும் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரை எழுப்பி, சின்ன உபாதையோடு காத்திருப்பவரைப் பார்க்க அனுப்பினார்கள். பக்கத்துப் பிரிவில், இதயத் துடிப்பைக் காட்டும் கருவிகளை இயக்கத் தெரியாததால் அணைத்துவைத்திருந்தார்கள். சில நர்ஸ்கள் நோயாளி வெளியேறிய நேரத்தைப் பொய்யாக எழுதினார்கள். அதற்காக இருவரின் பெயர் பின்னர் செவிலியர் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டது. அங்கே வேலை பார்த்த ஹெலன் டோனலி என்ற நர்ஸ், ‘இது தப்பு’ என்று 2007-இலேயே எழுத்தில் புகார் கொடுத்தார். அவரைச் சுற்றி இருந்தவர்களே அவரை மிரட்டினார்கள்.

● ஸ்டாஃபோர்ட் பற்றி வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்சிஸ் நடத்திய பொது விசாரணையின் அறிக்கை 2013 பிப்ரவரியில் வந்தது. 290 பரிந்துரைகள். எண்ணை எட்டுவதையும் செலவைக் குறைப்பதையும் நிர்வாகம் ஒன்றாகச் செய்யப் பார்த்தது; நடுவில் நசுங்கியவர்கள் நோயாளிகள். ஆளைக் குறைத்துவிட்டு நேரத்தையும் குறைக்கச் சொன்னால், ஏட்டில் பொய்தான் ஏறும். இலக்கு வைத்தது தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலிருந்து பார்த்தவர்கள் எண்ணை மட்டும் பார்த்தார்கள். அந்த எண் எப்படி வந்தது என்று ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்திருந்தால் போதும், எல்லாம் தெரிந்திருக்கும்.

● 2010-இல் ஆட்சி மாறியது. புதிய சுகாதார அமைச்சர் ஆண்ட்ரூ லான்ஸ்லி, இலக்கை 98-லிருந்து 95 ஆகக் குறைத்தார்.

● இங்கிலாந்து முழுவதும் அந்த 95 சதவீதத்தைக் கடைசியாக எட்டிய மாதம் 2015 ஜூலை. அதற்குப் பிறகு இன்னும் ஒரு மாதம்கூட எட்டவில்லை.

● அந்த ஆண்டில்தான், வாராவாரம் வெளியிட்டுவந்த கணக்கை மாதத்துக்கு ஒரு முறை என்று மாற்றினார்கள்.

● அபராதமும் இருந்தது. 95 சதவீதத்தைத் தவறவிட்டால், தாண்டிப்போன நோயாளி ஒருவருக்கு 120 பவுண்டு. ஆம்புலன்ஸ் நோயாளியை ஒப்படைக்க 30 நிமிடத்துக்கு மேல் ஆனால் 200 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் 1,000 பவுண்டு. ஏற்கெனவே ஆளும் படுக்கையும் இல்லாமல் திண்டாடும் மருத்துவமனையிடமிருந்து பணத்தையும் பிடுங்கினால் அது எப்படி எழுந்திருக்கும்? இந்த அபராத முறை பின்னர் கைவிடப்பட்டது. அது நல்ல முடிவு.

● 2019 மே மாதம், 14 மருத்துவமனை அமைப்புகளில் 4 மணி நேரக் கணக்கை நிறுத்திவிட்டு வேறு அளவுகோல்களைச் சோதித்துப் பார்த்தார்கள். சராசரிக் காத்திருப்பு அவற்றில் ஒன்று. சோதனை முடிவுக்கு வர ஆண்டுகள் ஆயின. நடுவில் கொரோனா வந்தது. அந்த 14 இடங்களும் 2023 மே மாதத்தில்தான் பழைய கணக்கைத் திரும்ப வெளியிட ஆரம்பித்தன. 4 ஆண்டுகள் அந்த ஊர்களின் மக்களுக்குத் தங்கள் மருத்துவமனையின் நிலவரத்தை மற்ற ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

● 2022 டிசம்பர், இந்தச் சேவையின் இருண்ட மாதம். 4 மணி நேரத்துக்குள் முடிந்தவர்கள் 65 சதவீதம் மட்டும். பெரிய மருத்துவமனைகளின் முழுநேர அவசரப் பிரிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 49.6, அதாவது பாதிக்கும் கீழே. பக்கவாதம், நெஞ்சு வலி போன்றவற்றுக்கு ஆம்புலன்ஸ் போய்ச் சேரச் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. விதிப்படி அது 18 நிமிடம்.

● மேலே இரண்டு எண்கள் வந்ததைக் கவனித்தீர்களா? 65 ஒன்று, 49.6 இன்னொன்று. தலைப்புச் செய்தியில் வருகிற எண், சின்னக் காயம் பார்க்கும் மையங்களையும் கண் மருத்துவமனை போன்ற தனிப் பிரிவுகளையும் சேர்த்த கூட்டு எண். அங்கெல்லாம் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். உண்மையான நெரிசல் பெரிய அவசரப் பிரிவில். அரசு சொல்லும் சதவீதத்தைப் படிக்கும்போது, எதையெல்லாம் சேர்த்துக் கூட்டினார்கள் என்று பார்க்க வேண்டும்.

● அடுத்து அரசு செய்தது இலக்கையே இறக்கியது. 2024 மார்ச்சுக்கு 76 சதவீதம் என்றார்கள், வந்தது 74.2. 2025 மார்ச்சுக்கு 78 என்றார்கள், வந்தது 75. 2025 ஜூனில் வந்த திட்டத்திலும் 78 தான். இந்த எண்ணை எட்டினாலும் 100-க்கு 22 பேர் 4 மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பார்கள். 2004-இல் அது 5 பேர். 95 என்ற பழைய எண் இன்றும் ஏட்டில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

● இங்கிலாந்து மருத்துவமனைகளில் ‘ட்ராலி வெயிட்’ என்ற சொல் அன்றாடப் பேச்சு. ‘இவரை வார்டில் சேர்க்க வேண்டும்’ என்று டாக்டர் முடிவெடுத்த பிறகு, படுக்கை கிடைக்கும் வரை சக்கரம் வைத்த ட்ராலியில் கிடப்பது. 2025 ஜனவரி மாதத்தில் மட்டும் 61,000-க்கும் மேற்பட்டவர்கள் இப்படி 12 மணி நேரத்தைத் தாண்டினார்கள். நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 2,000 பேர்.

● இதிலும் ஒரு நுணுக்கம். அந்த 12 மணி நேரம், டாக்டர் முடிவெடுத்த நொடியிலிருந்துதான் எண்ணப்படுகிறது. அதற்கு முன் 7 மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அது கணக்கில் வராது. வந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும் என்று அவசர மருத்துவர்களின் ராயல் கல்லூரி பல ஆண்டுகள் வற்புறுத்தியது. 2023 முதல் அந்தக் கணக்கையும் வெளியிடுகிறார்கள். அது பழைய கணக்கைவிடப் பல மடங்கு பெரியது.

● 82 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2022 ஜனவரியில் அவசர மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு சொன்ன எண் அது. வார்டில் சேர வேண்டியவர்கள் 6 முதல் 8 மணி நேரம் வரை அவசரப் பிரிவிலேயே தேங்கினால், அப்படித் தேங்கும் ஒவ்வொரு 82 பேருக்கும் 30 நாட்களுக்குள் கூடுதலாக ஒரு மரணம். இந்த விகிதத்தை வைத்து ராயல் கல்லூரி போட்ட மதிப்பீட்டின்படி, 2024-இல் இங்கிலாந்தில் நெடுங்காத்திருப்போடு தொடர்புடைய கூடுதல் மரணங்கள் 16,644. வாரத்துக்கு 320 பேர். மதிப்பீடு என்பதால் இதை அரசு அப்படியே ஏற்பதில்லை. பாதியாகக் குறைத்துப் பார்த்தாலும் பொறுத்துக்கொள்ளக்கூடிய எண்ணா இது?

● ‘சளி, தலைவலிக்கெல்லாம் அவசரப் பிரிவுக்கு ஓடி வருகிறார்கள், அதனால்தான் கூட்டம்’ என்று சொல்வது எல்லா ஊரிலும் வழக்கம். இங்கிலாந்தில் ஆண்டுக்கு 2.6 கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாகின்றன என்பதும் உண்மை. ஆனால் அடைப்பு இருப்பது உள்ளே வரும் வாசலில் அல்ல, வெளியே போகும் வாசலில். கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்தால்தானே அடுத்த பந்தி உட்கார முடியும்? வார்டில் படுக்கை காலியாகாதவரை அவசரப் பிரிவில் இருப்பவரை மேலே அனுப்ப முடியாது. 1987 வாக்கில் இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 2,99,000 படுக்கைகள் இருந்தன. 2019-இல் சுமார் 1,41,000. மனநல மருத்துவமனைகள் மூடப்பட்டதும், ஆபரேஷன் முடிந்து அன்றே வீடு திரும்பும் வசதி வந்ததும் இதில் அடக்கம்தான். ஆனாலும் முதியோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிற நாட்டில் இந்தச் சரிவு அதிகம்.

● படுக்கைகளில் 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் ஆபத்து தலைகாட்டத் தொடங்கும், 90-ஐத் தாண்டினால் படுக்கைத் தட்டுப்பாடு அடிக்கடி வரும் என்று 1999-இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு கணக்கிட்டுச் சொன்னது. அண்மைக் குளிர்காலங்களில் அங்கே 90-ஐயும் தாண்டித்தான் நிரம்பியிருக்கின்றன.

● 2022–23 குளிர்காலத்தில், உடல் தேறிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர்கள் சொல்லியும் போக முடியாமல் படுக்கையில் இருந்தவர்கள் நாளொன்றுக்கு 12,000-க்கும் மேல். ஏன்? தனியாக வாழும் முதியவருக்கு வீட்டில் கைத்தாங்கலாக ஆள் வேண்டும், அல்லது முதியோர் இல்லத்தில் இடம் வேண்டும். அந்த ஏற்பாடு உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு; அதற்கான பணம் வேறு பையிலிருந்து வர வேண்டும். அவசரப் பிரிவின் கடிகாரத்தைப் பார்க்கிற அமைச்சருக்கு அந்தப் பை கையில் இல்லை. ஒரு பாட்டிக்கு வீட்டு உதவியாளர் கிடைக்காததற்கும், ஆம்புலன்ஸ் வராமல் ஒருவர் இறப்பதற்கும் இடையே இவ்வளவு நேரான தொடர்பு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அவசரப் பிரிவின் நர்ஸைக் கடிந்துகொள்வதில் நியாயமே இல்லை.

● படுக்கை இல்லாதபோது நடைபாதையிலேயே வைத்தியம் பார்க்கிறார்கள். 2025 ஜனவரியில் ராயல் நர்சிங் கல்லூரி, 5,000-க்கும் மேற்பட்ட நர்ஸ்களின் வாக்குமூலத்தைத் திரட்டி நூற்றுக்கணக்கான பக்கங்களில் வெளியிட்டது. நடைபாதையில் ஆக்சிஜன் இணைப்பு இல்லை, அழைப்பு மணி இல்லை, மறைப்புத் திரை இல்லை. வயதானவர்கள் பலர் பார்க்க உடை மாற்ற வேண்டியிருக்கிறது. நடைபாதையிலேயே இறந்தவர்களைப் பற்றியும் நர்ஸ்கள் எழுதியிருந்தார்கள்.

● பக்கத்து நாடான அயர்லாந்தில், ட்ராலியில் கிடப்பவர்களை நர்ஸ்கள் சங்கமே காலைதோறும் எண்ணி வெளியிடுகிறது. அரசின் கணக்கு ஒன்று, நர்ஸ்களின் கணக்கு ஒன்று. இரண்டையும் பத்திரிகைகள் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. இப்படி இரண்டாவது கணக்கு ஒன்று இருப்பது எவ்வளவு நல்லது!

● நியூசிலாந்து 2009-இல் 6 மணி நேரம், 95 சதவீதம் என்று விதித்தது. பிறகு அடுத்து வந்த அரசு அதைக் கைவிட்டது. 2024-இல் வேறோர் அரசு திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. ஆஸ்திரேலியா 2012-இல் 4 மணி நேர இலக்கைத் தொடங்கி, 2014 பட்ஜெட்டில் அதற்கான நிதியை வெட்டியது.

● அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வருகிற எவரையும், காப்பீடு இல்லாவிட்டாலும், பரிசோதித்து உயிர் காக்கும் சிகிச்சை தர வேண்டும். எத்தனை மணி நேரத்துக்குள் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. 1 முதல் 14 நிமிடத்துக்குள் டாக்டர் பார்க்க வேண்டிய நோயாளிகள் 2006-இல் சராசரியாக 37 நிமிடம் காத்திருந்தார்கள் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2009-இல் கண்டறிந்தது.

● கனடாவின் வினிபெக் நகரில் 2008 செப்டம்பரில் நடந்ததைப் படித்துவிட்டு எளிதில் தூங்க முடியாது. இரண்டு கால்களும் இல்லாத 45 வயதுப் பழங்குடி மனிதர் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தார். சிறுநீர்ப் பிரச்சினைக்காக ஒரு கிளினிக்கிலிருந்து கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வந்ததும் வாசலில் இருந்த பணியாளரிடம் பேசினார். பிறகு காத்திருப்போர் பகுதிக்குப் போனார். அவருடைய பெயர் பதிவேட்டில் ஏறவே இல்லை. 34 மணி நேரம். வாந்தி எடுத்தார். கூட இருந்தவர்கள் ஊழியர்களிடம் போய்ச் சொன்னார்கள். ஊழியர்களோ, குடித்துவிட்டு வந்திருக்கிறார், தங்க இடமில்லாமல் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் பார்த்தபோது உயிர் பிரிந்து நேரம் ஆகியிருந்தது. மருந்தால் குணப்படுத்தியிருக்கக்கூடிய நோய்த்தொற்று அது. 2014 டிசம்பரில் நீதி விசாரணை 63 பரிந்துரைகளைக் கொடுத்தது. எந்த அரசு எப்படிப்பட்ட கடிகாரம் வைத்தாலும், பெயர் பதிவாகாதவருக்கு அது ஓடவே ஓடாது.

● அவசரப் பிரிவில் வரிசை என்பது வந்த வரிசை அல்ல. பிரிட்டனில் 1990-களில் உருவான மான்செஸ்டர் முறைப்படி, வந்தவுடன் ஒரு நர்ஸ் நிலைமையைப் பார்த்து நிறம் கொடுக்கிறார். சிவப்பு என்றால் உடனடியாக. ஆரஞ்சு 10 நிமிடம், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அடிப்படை ஒன்றுதான்.

● இங்கிலாந்தின் ஒவ்வொரு மருத்துவமனையின் காத்திருப்புக் கணக்கும் மாதந்தோறும் என்.எச்.எஸ். இணையதளத்தில் வெளியாகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹாரோவிலும் ஈழத்தமிழர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து போன மருத்துவர்களும் நர்ஸ்களும் அந்த அவசரப் பிரிவுகளிலேயே இரவுப்பணி பார்க்கிறார்கள். உங்கள் ஊர் மருத்துவமனையின் பெயரைத் தேடி அந்தக் கணக்கைப் பாருங்கள். எண் சரியில்லை என்றால் உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்காகப் பிள்ளைகள் எழுதலாம்.

● அங்கே இருக்கும் உங்கள் சொந்தக்காரர்களுக்கு இதையும் சொல்லிவையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 111, இரவிலும் எடுப்பார்கள். அவசரப் பிரிவுக்குப் போனால் முதலில் பெயர் பதிவாகிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். தமிழில் மட்டுமே பேசத் தெரிந்தவர் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். அதற்குக் காசு இல்லை. காத்திருக்கும்போது வலி கூடினாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, ‘நம் முறை வரட்டும், ஏன் தொந்தரவு கொடுக்க வேண்டும்’ என்று கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். நேராக நர்ஸிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் திரும்பப் பார்த்து நிறத்தை மாற்றுவார். மஞ்சளில் இருந்தவர் சிவப்புக்குப் போனால் உடனே உள்ளே அழைப்பார்கள்.